ஜெபத்துக்குக் கூலி கேட்பதும் வேறு சில தவறுகளும்

களியக்காவிளைப் பக்கம் எங்கள் சபையில் திடப்படுத்தல் வகுப்பு (இளம் பிள்ளைகளை முழு அங்கத்தினராகச் சேர்ப்பதற்கு முன் நடத்தும் வகுப்பு) எடுக்கிறேன். பாறசாலை கூப்பிடு தூரம். பாதிப் பிள்ளைகளின் வீட்டில் தமிழும் மலையாளமும் கலந்துதான் ஓடும். நாங்கள் அந்த வயதில் தடுக்கி விழுந்த அதே இடங்களில் இவர்களும் விழுகிறார்கள். குடிக்காதே, பொய் சொல்லாதே என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கே அது மனப்பாடம்.

வாக்குத்தத்த அட்டையில் குறி பார்ப்பது

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் பைபிள் வசனம் அச்சடித்து ஆளுக்கொன்றாகக் கொடுக்கும் அட்டையில், நல்ல எதிர்காலம் தருவேன் என்கிற எரேமியா 29:11 வந்தால், பிளஸ் டூ ரிசல்ட் பிரமாதமாக வரும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. முந்தின வசனமே 70 வருஷம் ஆகும் என்கிறது. அந்த வசனத்தை மட்டும் யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை.

வேலைக்காகச் சபை மாறுவது

மிஷன் பள்ளிக்கூடத்தில் போஸ்டிங் வருகிறது என்றதும் மாறுகிறவர்களிடம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

காணிக்கைக்குப் பதில் எதிர்பார்ப்பது

எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இதுதான்.

ஊருக்கு ஒரு கன்வென்ஷன் வந்தது. உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் ஒரு கவர் கொடுத்தார்கள். மேலே பெயர், போன் நம்பர். கீழே வரிசையாகக் கட்டங்கள்: வெளிநாட்டு விசா, வீடு, திருமணம், கடன், குழந்தை பாக்கியம். வேண்டியதில் டிக் அடித்து, பணத்தை வைத்து ஒட்டிக் கொடுக்க வேண்டும். அதற்கு விதைக் காணிக்கை என்று பெயர். எங்கள் தெருவில் ஒரு அக்கா. வீட்டுக்காரர் ரப்பர் வெட்டுகிறார். மகள் நர்சிங் முடித்துவிட்டுக் குவைத் விசாவுக்குக் காத்திருந்தாள். அக்கா கம்மலை அடகு வைத்துக் கவரில் போட்டார்.

விசா வரவில்லை. சரி, எத்தனையோ பேருக்கு வராமல் போகிறது. ஆனால் அப்புறம் வீட்டு ஜெபத்துக்கு வந்தவர்கள் கேட்டார்கள் பாருங்கள்: "அக்கா, வீட்டுல மறைஞ்ச பாவம் வல்லதும் உண்டா?" அதோடு அக்கா கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். கம்மல் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.

பைபிளில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்கள் கேட்டதும் இதே கேள்விதான். யோபு 42:10-ல் இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்ததை வைத்துப் பிரசங்கம் செய்கிறவர்கள், மூன்று வசனம் மேலே பார்த்தால் அந்த நண்பர்கள்மேல் கடவுள் கோபப்படுவது தெரியும். முதல் அதிகாரத்தையும் சேர்த்துப் படியுங்கள். லாபம் இல்லாமல் யோபு பக்தியாக இருப்பானா என்று கேட்பது யார்? சாத்தான். அவன் சொன்னது சரிதான் என்று நாம் கவர் அச்சடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம்.

நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்ட பிள்ளையைப் பிள்ளைகளுக்குச் சொல்வேன். (ஞானஸ்நானத்தில் தேவசகாயம் என்று பெயர் பெற்ற அவர் ரோமன் கத்தோலிக்கர், நாங்கள் சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டண்ட் சபை; அதனால் என்ன?) மாடு செத்து, சொத்து நஷ்டப்பட்டு, நொந்துபோயிருந்த அவரிடம், குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் சொன்னது யோபுவின் கதையைத்தான். 1745-ல் வடக்கன்குளத்தில் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் வாங்கினார். போன மாடு திரும்பவில்லை. பத்மநாபபுரம் அரண்மனை வேலையும் போயிற்று. 1749-ல் கைது, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக அவமானம், 1752-ல் காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டு. அந்தக் கவர் அவர் கையில் இருந்திருந்தால் எந்தக் கட்டத்தில் டிக் அடித்திருப்பார்?

அப்படியானால் எதுவுமே கேட்கக் கூடாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். தாராளமாகக் கேளுங்கள். அன்றாட அப்பத்தைக் கேட்கச் சொல்லிக் கொடுத்ததே இயேசுதான். ஆனால் யோவான் சுவிசேஷத்தின் 6-ஆம் அதிகாரத்தை ஒரே மூச்சில் முடிவுவரை படியுங்கள். இயேசு கொடுத்த அப்பத்தைத் தின்ற கூட்டம் மறுநாள் கப்பர்நகூம்வரை தேடி வருகிறது. வயிறு நிறைந்ததால்தான் வந்தீர்கள் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுகிறார். அதிகாரம் முடிவதற்குள் அநேகர் கிளம்பிவிட்டார்கள். இன்னொரு கூடை அப்பத்தோடு அவர் பின்னால் ஓடவில்லை. மிச்சமிருந்த பன்னிரண்டு பேரிடம், உங்களுக்கும் போக மனசா என்றுதான் கேட்டார்.

தேவைக்கு வந்தவர்களை இளக்காரமாகப் பார்ப்பது

மேலே சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும் கெட்டிக்காரப் பிள்ளைகள் செய்வது இது. சுகம் வேண்டி வருகிறவரைப் பார்த்து ஒரு நக்கல் சிரிப்பு. இயேசுவின் சீடர்களான யாக்கோபும் யோவானும் அவருடைய வலது பக்கமும் இடது பக்கமும் சீட் கேட்டவர்கள்தானே? அவர்களை அவர் விரட்டிவிடவில்லை.

நீண்ட சாட்சி

மூன்று நிமிடம் போதும். சம்பளம் எவ்வளவு, பிளைட் ஏறிய நேரம் என்ன என்பது யாருக்கும் வேண்டாம். விசா வராதவர்களுக்கும் மைக் கொடுங்கள்.