புரட்டாசி இல்லாத நாள்ல திருப்பதிக்கு நடக்கணும்னா

புரட்டாசி வந்தா நம்ம வடசென்னைல தெருவுக்கு ஒரு மஞ்சத்துணி கோஷ்டி கெளம்பிடும், அப்ப போறதுக்கு பிளானே தேவையில்ல, முன்னாடி போறவர் முதுக பாத்துட்டே நடந்தா போதும், வழி நெடுக மோர், சுண்டல், புளிசாதம், எங்க திரும்பினாலும் பந்தல். நான் சொல்றது அது இல்ல. தை கடைசி, மாசி மாசம், ரெண்டு மூணு பேரா, மைக்செட் இல்லாம நடக்கறது. நிம்மதியா இருக்கும், ஆனா பந்தல் இல்லன்னா சோறும் இல்ல தண்ணியும் இல்ல, எல்லாத்தையும் நாமளே முன்கூட்டி பாத்துக்கணும். இத புரிஞ்சிக்காம கெளம்பி ரெண்டாவது நாளே பஸ் புடிச்சி திரும்பி வந்தவங்கள எனக்கு தெரியும், அதுல நானும் ஒருத்தன்.

ரூட்டு இதான். தண்டையார்பேட்டைலேர்ந்து மூலக்கடை, மாதவரம் ரவுண்டானா, புழல், ரெட்ஹில்ஸ், காரனோடை, ஜனப்பன்சத்திரம் கூட்ரோடு. அங்க லெஃப்ட் எடுத்தா கன்னிகைப்பேர், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை. ஆந்திரா பார்டர் தாண்டினதும் சுருட்டப்பள்ளி, அப்புறம் நாகலாபுரம், பிச்சாட்டூர், நாராயணவனம், புத்தூர், வடமாலப்பேட்டை, திருச்சானூர். மொத்தமா சுமார் 140 கிலோமீட்டர், அதுக்கப்புறம் மலை. புரட்டாசில திருப்பதி குடை ஊர்வலம் போற வில்லிவாக்கம், ஆவடி, திருவள்ளூர் பக்கமும் நடக்கலாம், ஆனா அங்க ரொம்ப தூரத்துக்கு ஊர் ஊரா ஒட்டிட்டே வரும், டவுன்ல நடக்கற மாதிரியே இருக்கும். ஊத்துக்கோட்டை பக்கம் வயலு, ஏரி, மாமரம்னு கண்ணுக்கு நல்லாருக்கும்.

எந்த மாசம்னு கேட்டா தை பாதிலேர்ந்து மாசி கடைசி வரைக்கும். ஐப்பசி கார்த்திகைல ஆரணி ஆத்துல தண்ணி வந்துச்சுன்னா ரோடு எங்க கட் ஆகும்னே சொல்ல முடியாது. சித்திரை வைகாசில தார் ரோடு தோசைக்கல்லு. ஆடில பெரியபாளையம் பவானி அம்மன் கோயில் கூட்டம், அந்த ரோட்ல மாட்டு வண்டி, டிராக்டர், ஷேர் ஆட்டோன்னு நடக்க எடமே இருக்காது.

கெளம்பறதுக்கு ஒரு மாசம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கெழம பைக்க எடுத்துட்டு புத்தூர் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க, இத மட்டும் விட்டுடாதீங்க. மேப்புல பாத்தா கடைன்னு காட்டும், நேர்ல போனா ஷட்டர் இறங்கி இருக்கும். எந்த பெட்ரோல் பங்க்ல பாத்ரூம் நல்லாருக்கு, எந்த டீக்கடை காலைல 5 மணிக்கே தொறக்குது, எந்த கல்யாண மண்டபத்து வாட்ச்மேன் முகூர்த்தம் இல்லாத நாள்ல ஒரு ராத்திரி படுக்க விடுவாரு, எல்லாத்தையும் கேட்டு நோட்ல எழுதிக்கங்க, போன் நம்பர் வாங்கிக்கங்க. கூட லேடீஸ் வர்றாங்கன்னா பாத்ரூம் கணக்கு தான் மொத்த கணக்கும், எங்க அக்கா வந்தப்ப நாங்க ஊர் பேரே சொல்லல, இந்த பங்க்லேர்ந்து அந்த பங்க் வரைக்கும்னு தான் பேசிக்கிட்டோம்.

அடுத்தது ட்ரயல். நம்ம பக்கத்துக்கு வசதியா ஒண்ணு இருக்கு, பௌர்ணமி அன்னிக்கி மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், திருமுல்லைவாயல் கொடியிடையம்மன்னு மூணு பேரையும் ஒரே நாள்ல பாப்பாங்க இல்ல, அதுல ஒரு பக்கத்த மட்டும் நடங்க. திருவொற்றியூர்லேர்ந்து மணலி புதுநகர் வழியா மேலூர் சுமாரா 20 கிலோமீட்டர், திரும்பறதுக்கு மீஞ்சூர்ல லோக்கல் ட்ரெயின். தூசி, கன்டெய்னர் லாரின்னு பேஜார் புடிச்ச ரோடு தான், ஆனா அத தாண்டிட்டா ரெட்ஹில்ஸ் வழியா போற ஜிஎன்டி ரோடு பயம் போயிடும். மறுநாள் காலைல எழுந்து இன்னொரு 10 கிலோமீட்டர் நடந்து பாருங்க, ஒடம்பு என்ன சொல்லுதுன்னு அப்பத்தான் தெரியும். மொத நாள் யாரு வேணா நடப்பாங்க.

கால பத்தி சொல்லாம விட முடியாது. மொத தபா நான் கெளம்பறதுக்கு நாலு நாள் முன்னாடி புது ஷூ வாங்கினேன், கன்னிகைப்பேர் வர்றதுக்குள்ள கட்டை விரல் நகம் கருப்பாயிடுச்சு. ரெண்டு மாசமாவது போட்டு தேஞ்ச ஷூ, அரை சைஸ் பெருசா, ஏன்னா மதியத்துக்கு மேல கால் வீங்கும். வெறுங்கால்னு வேண்டிக்கிட்டவங்க ரோட்டோர வெள்ளக்கோட்டு மேல நடங்க, அதுக்கும் தாருக்கும் சூடு எவ்ளோ வித்தியாசம்னு ஒரு அடி மாத்தி வெச்சா தெரிஞ்சிடும், ஆனா பத்து மணிக்கு மேல அதுவும் வேலைக்கு ஆகாது. காலைல விரல் இடுக்கு, தொடை இடுக்கு எல்லாம் தேங்காண்ணெய் நல்லா தடவிக்கங்க, ஈரத்துணியோட நடந்து தொடை உரசினா கொப்புளத்த விட மோசம். கொப்புளம் வந்தா தோல பிச்சிடாதீங்க. சின்னதா இருந்தா அப்படியே விட்டு பிளாஸ்டர் ஒட்டுங்க, பெருசாகி நடக்கவே முடியலன்னா மட்டும் டெட்டால்ல தொடச்ச ஊசியால ஓரத்துல குத்தி தண்ணிய வடிய விடுங்க, மேல்தோல் அப்படியே இருக்கணும். சுகர் இருக்கறவங்க இதெல்லாம் சொந்தமா பண்ணாதீங்க, டாக்டர கேக்காம கெளம்பவே வேணாம்.

பை 5 கிலோ தாண்டக்கூடாது. ரெண்டு செட் துணி, ஒரு லுங்கி, துண்டு, பெட்ஷீட், டார்ச், ஓஆர்எஸ் பாக்கெட், பவர் பேங்க், ஒரிஜினல் ஆதார், சில்லறை. தண்ணிக்கு ஸ்டீல் பாட்டில், ஏன்னா திருமலைல பிளாஸ்டிக் பாட்டில் தடை. பாரிஸ் கார்னர்ல ரோடு வேலை செய்றவங்க போடற பளபள ஜாக்கெட் விக்கும், ஒண்ணு வாங்கிக்கங்க, பாக்க காமெடியா தான் இருக்கும், ஆனா இருட்டுல வண்டிக்காரனுக்கு நாம தெரிவோம்.

நடக்கறது விடியக்காலை 4 மணிலேர்ந்து ஒம்பதரை வரைக்கும், அப்புறம் நாஷ்டா, தூக்கம், சாயந்தரம் நாலு மணிலேர்ந்து இருட்டற வரைக்கும். ரோட்டோட ரைட் சைடுல, எதிர்ல வர்ற வண்டிய பாத்த மாதிரி நடக்கணும், லெஃப்ட்ல போனா பின்னாடி வர்றவன நம்பி தான் உசுரு. ரெட்ஹில்ஸ்லேர்ந்து ஜனப்பன்சத்திரம் வரைக்கும் நேஷனல் ஹைவே, சர்வீஸ் ரோடு எங்க இருக்கோ அதுலயே போங்க, அந்த துண்ட மட்டும் ஞாயித்துக்கெழம காலைல வர்ற மாதிரி வெச்சா லாரி கொஞ்சம் கம்மி. கைல ஒரு குச்சி, நாய்க்கு. காட்டினாலே போதும், அடிக்க வேணாம்.

நாள் கணக்கு: காரனோடை, பெரியபாளையம், சுருட்டப்பள்ளி, பிச்சாட்டூர், புத்தூர், திருச்சானூர்னு ஆறு நாள். கடைசி நாள் 30 தாண்டும், முடியலன்னா வடமாலப்பேட்டைல நிறுத்தி ஏழு நாளா ஆக்கிக்கங்க, யாரும் கேக்கப்போறதில்ல. ஊத்துக்கோட்டைகிட்ட கிருஷ்ணா கால்வாய் தமிழ்நாட்டுக்குள்ள வர்ற எடம், ஜீரோ பாயிண்ட்னு சொல்வாங்க. நம்ம வீட்டு குழாய்க்கு வர்ற தண்ணில ஒரு பங்கு இதுதான்னு நின்னு பாத்துட்டு போகலாம், எறங்கி குளிக்காதீங்க, இழுப்பு ஜாஸ்தி. சுருட்டப்பள்ளில சிவன் லிங்கமா இல்லாம, ஆலகால விஷத்த குடிச்சிட்டு அம்பாள் மடியில தல வெச்சி படுத்திருப்பாரு, மூணு நாள் நடந்துட்டு வந்து அத பாக்கறப்ப என் கூட வந்த மச்சான் "யோவ், நம்மள மாதிரியே மல்லாந்துட்டாருய்யா"ன்னான், பக்கத்துல நின்ன பெரியம்மா மொறச்சாங்க. பிரதோஷத்துல மட்டும் அங்க தங்கற மாதிரி வெச்சிக்காதீங்க, ஒக்கார எடம் கெடைக்காது. நாகலாபுரத்துல கிருஷ்ணதேவராயர் கட்டின வேதநாராயணர் கோயில், மச்ச அவதாரப் பெருமாள். பங்குனில சூரிய ஒளி சாமி மேல விழற நாளுக்கு கூட்டம் வரும், மத்த நாள்ல பிராகாரத்துல நாம மட்டும் தான். பிச்சாட்டூர், புத்தூர் பக்கம் தமிழ்லயே பேசி சமாளிச்சிடலாம்.

பாதில முடியலன்னா வெக்கப்படாதீங்க. ஊத்துக்கோட்டை வரைக்கும் நம்ம பஸ் இருக்கு, புத்தூர்ல ரயில்வே ஸ்டேஷனே இருக்கு.

தரிசன டிக்கெட்ட நடந்து முடிச்சிட்டு பாத்துக்கலாம்னு விட்டுடாதீங்க. 300 ரூபா டிக்கெட் ஆன்லைன்ல ரெண்டு மூணு மாசம் முன்னாடியே போயிடும், அதனால மொதல்ல டிக்கெட் தேதி, அதுலேர்ந்து பின்னாடி எண்ணி கெளம்பற தேதி, நடுவுல ஒரு நாள் சும்மா விட்டு வெச்சிக்கங்க. நடந்து வர்றவங்களுக்கு குடுக்கற டோக்கன் ரூல் அடிக்கடி மாறுது, அத நம்பி போகாதீங்க. மலை அடிவாரத்துல அலிபிரி, அங்கேர்ந்து 3550 படி, பைய கீழயே குடுத்துட்டா ஃப்ரீயா மேல கொண்டு வந்துடுவாங்க. 2023ல அந்த வழில சிறுத்தை அடிச்சி ஒரு சின்ன பொண்ணு செத்துப்போச்சு, அதுலேர்ந்து பசங்கள கூட்டிட்டு போறதுக்கு நேரக்கட்டுப்பாடு போட்டாங்க, அன்னிக்கி என்ன ரூல்னு கீழயே கேட்டுட்டு விடியக்காலைல கூட்டத்தோட கூட்டமா ஏறுங்க.

திரும்பறதுக்கு சப்தகிரி எக்ஸ்பிரஸ் சென்ட்ரல் வரும், ஆனா நமக்கு பஸ் தான் வசதி, நேரா மாதவரத்துல எறக்கி விட்டுடுவான். அங்கேர்ந்து மூலக்கடை தானே, இவ்ளோ நடந்துட்டோம், இத நடக்க மாட்டோமான்னு தோணும், வேணாம், லட்டு பைய மடியில வெச்சிட்டு ஷேர் ஆட்டோ புடிங்க.