மசாஜுக்குப் போகும் முன்: உங்கள் உடலுக்கு ஏற்ற முறையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

முதன்முறையாக மசாஜ் நிலையத்துக்குச் செல்பவரின் கையில் விலைப்பட்டியலைக் கொடுத்தால், ஸ்வீடிஷ், டீப் டிஷ்யூ, தாய், அப்யங்கம், கிழி எனப் பெயர்கள் வரிசையாக இருக்கும். பலரும் விலையைப் பார்த்தோ, 'நன்றாக அழுத்திச் செய்வது எது?' என்று கேட்டோ தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல், உடலுக்கு என்ன தேவை என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதன் பிறகு பெயருக்கு வாருங்கள்.

முதல் படி: இப்போது மசாஜ் செய்யலாமா?

என் அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த இரண்டாவது வாரத்தில், இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கித் தொட்டால் சூடாக இருந்தது. படுத்தே கிடப்பதால் வந்த வலி என்று நினைத்து, நல்லெண்ணெயைச் சூடு செய்து கிண்ணத்தில் எடுத்து வந்துவிட்டேன். எதிர் வீட்டில் இருந்த, செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற அக்கா அதைப் பார்த்து, "காலில் கை வைக்காதே, முதலில் ஸ்கேன் எடு" என்று தடுத்தார். ஸ்கேனில் காலின் ஆழ் சிரையில் இரத்தக்கட்டி இருப்பது தெரிந்தது. அழுத்தித் தேய்த்திருந்தால் அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரல் வரை சென்றிருக்கக்கூடும். அந்த எண்ணெய்க் கிண்ணம் இன்னும் என் நினைவில் இருக்கிறது.

ஆகவே, ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தாலோ, காய்ச்சல், தோல் தொற்று, ஆறாத புண் இருந்தாலோ மசாஜைத் தள்ளிப்போடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், எலும்பு மெலிந்து பலவீனமானவர்கள், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் உள்ளவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவரிடம் கேட்ட பிறகே செல்ல வேண்டும். சர்க்கரை நோயால் பாதங்களில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு அழுத்தமும் சூடும் மிகுவது தெரியாது என்பதால் கூடுதல் கவனம் தேவை. கால் பிசகியவுடன் சுளுக்கு வழிக்க ஓடுவதும் தவறு; முதல் இரண்டு மூன்று நாட்களுக்குத் தேய்க்கக் கூடாது, நான்கு அடிகூட ஊன்றி வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும்.

இரண்டாம் படி: தேவையைக் கண்டறிதல்

வலது கையால் இடது தோளின் மேல் தசையை, கழுத்தும் தோளும் சேரும் இடத்துக்குச் சற்று வெளியே, கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையில் மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். புளியங்கொட்டை அளவில் இறுகிய முடிச்சு அகப்பட்டு, அதை அழுத்தும்போது வலி கழுத்து வழியாக நெற்றிப்பொட்டு வரை ஏறினால், உங்கள் தேவை அந்தத் தசைமுடிச்சைத் தளர்த்துவது. முடிச்சு எதுவும் இல்லாமல் உடல் முழுவதும் அசதியும் தூக்கமின்மையும் இருந்தால் தேவை ஓய்வு. வலி இல்லை, ஆனால் குனிந்தால் கை கால்விரலைத் தொடவில்லை என்றால் அது விறைப்பு. மூட்டு வலி என்றால் அது வேறு கணக்கு.

மூன்றாம் படி: தேவைக்கு ஏற்ற முறை

ஓய்வுக்கு ஸ்வீடிஷ் மசாஜ் பொருந்தும். தடவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல், அதிர்த்தல் என்னும் ஐந்து அசைவுகளே அதன் அடிப்படை. நம் பக்கத்து மக்களுக்கு வெதுவெதுப்பான தைலத்தில் செய்யும் அப்யங்கம் இன்னும் இயல்பாக இருக்கும் என்பது என் கருத்து. எண்ணெய்க் குளியலில் வளர்ந்த உடல் அதை எளிதில் ஏற்றுக்கொள்கிறது.

தசைமுடிச்சுக்கு டீப் டிஷ்யூ. இதில் முழங்கையாலும் கட்டைவிரலாலும் மிக மெதுவாக அழுத்துவார்கள். வேகமாகவும் முரட்டுத்தனமாகவும் செய்தால் தசை தளராமல் எதிர்த்து இறுகும்.

விறைப்புக்குத் தாய் மசாஜ். எண்ணெய் கிடையாது; தளர்வான ஆடையுடன் தரைமெத்தையில் படுக்கவைத்து, உள்ளங்கை, முழங்கால், பாதம் ஆகியவற்றால் அழுத்தி உடலை நீட்டி மடக்குவார்கள். 2019-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த கலை இது. முதுகுத்தட்டு விலகியவர்களும் மூட்டு மாற்றிக்கொண்டவர்களும் இதைத் தவிர்ப்பது நல்லது.

நாள்பட்ட மூட்டு வலிக்குக் கிழி ஒத்தடம் உகந்தது. இலை, பொடி, அல்லது பாலிலும் கஷாயத்திலும் வேகவைத்த ஞவரை என்னும் மருத்துவ அரிசியைத் துணியில் மூட்டையாகக் கட்டி ஒற்றுவார்கள். மூட்டு சிவந்து கொதிக்கும் நாளில் மட்டும் வேண்டாம். சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளுள், அதன் மசாஜ் முறையான தொக்கணமும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் எனத் தொடங்கி அதில் 9 வகைகள் உண்டு. தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற அரசு மருத்துவமனைகளில், மருத்துவர் பரிசோதித்த பிறகு இத்தகைய சிகிச்சையைப் பெறலாம். வலிக்காகச் செல்பவர்கள் ஸ்பாவுக்கு முன் இங்கே செல்லுங்கள் என்றே நான் சொல்வேன்.

பாதப் புள்ளிகளை அழுத்தி உள்ளுறுப்பு நோய்களைத் தீர்ப்பதாகச் சொல்வதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் நின்று வேலை செய்பவர்களின் கால்களுக்கு அது இதமளிக்கும். முடிவெட்டிய பின் தலையைச் சட்டென்று திருப்பிக் கழுத்தில் சொடக்கெடுப்பதை மட்டும் ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். கழுத்து இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வரும் அபாயம் அதில் இருக்கிறது.

நான்காம் படி: படுக்கும் முன் பேசுதல்

வலி எங்கே, எத்தனை நாளாக, என்ன மாத்திரை, எந்த எண்ணெய் ஒவ்வாது என்பதைச் சொல்லிவிடுங்கள். நல்லெண்ணெய் அடிப்படையிலான தைலங்கள் பல இருப்பதால் எள் ஒவ்வாமை உள்ளவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் செல்ல வேண்டாம். அழுத்தம் சரிதானா என்பதை உங்கள் மூச்சே காட்டிக்கொடுக்கும்: மூச்சு சீராக ஓடினால் சரி, பல்லைக் கடித்து மூச்சை அடக்க வேண்டியிருந்தால் உடனே குறைக்கச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: மறுநாள் கவனித்தல்

டீப் டிஷ்யூவுக்குப் பிறகு ஓரிரு நாள் உடல் வலி இருப்பது இயல்பு. மரத்துப்போதல், கைகால் பலவீனம், கூடிக்கொண்டே போகும் வலி இவற்றில் எது வந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். எந்த முறை, எந்தத் தைலம், எந்த இடத்தில் அழுத்தம் கூடியது என்று கைப்பேசியில் நான்கு வரி குறித்துவைத்தால், அடுத்த முறை செய்பவரிடம் அதையே படித்துக் காட்டிவிடலாம்.