“நான் யார்?” என்று கேட்கும் முன்: சுயம் பற்றிய ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனிதர்கள் தங்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்று பண்பாடுகளை ஒப்பிட வரும் புதிய ஆய்வு மாணவர்கள், இந்தத் துறையில் முன்பு எல்லோரும் சறுக்கிய அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். மாதிரி சிறியது, மேற்கோள் விட்டுப்போனது போன்றவற்றை வழிகாட்டியே திருத்திவிடுவார். கீழே உள்ளவை யார் கண்ணிலும் படாமல் வாய்மொழித் தேர்வு வரை போய்விடும்.

கிழக்கை ஒரே மூட்டையாகக் கட்டுவது

“கீழை மரபில் ‘நான்’ என்பதே கிடையாது” என்று முதல் அத்தியாயத்தைத் தொடங்காதீர்கள். நிலையான ஆன்மா இல்லை என்பது பௌத்தம். ஆன்மா ஒன்றே மெய் என்பது அத்வைதம். அதற்கு நேர் எதிர். சைவ சித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) மூன்றுமே தொடக்கமில்லாதவை. முத்தியிலும் உயிர் அழிந்துவிடுவதில்லை. மேற்கிலோ, உள்ளே தேடினால் உணர்வுகளின் கட்டுதான் கிடைக்கிறது, ‘நான்’ கிடைக்கவில்லை என்று டேவிட் ஹியூம் 1739-லேயே எழுதிவிட்டார். தவிர, ஒரு தத்துவ நூல் சொல்வது வேறு, பூ கட்டி விற்பவர் தன்னைப் பற்றி நினைப்பது வேறு. முன்னதை வைத்துப் பின்னதை முடிவு செய்ய முடியாது.

நாட்டுக்கு ஒரு முத்திரை குத்துவது

சார்பற்ற சுயம் (பிறரிடமிருந்து தனித்த ஆளாகத் தன்னைப் பார்ப்பது), சார்ந்த சுயம் (உறவுகளோடு சேர்த்தே தன்னைப் பார்ப்பது) என்ற பிரிவை உளவியலாளர்கள் ஹேசல் மார்கஸும் ஷினோபு கிடயாமாவும் 1991-இல் விரிவாக முன்வைத்தார்கள். இதை வைத்து ஒரு நாட்டையே ‘சார்ந்தது’, ‘சார்பற்றது’ என்று பிரிக்காதீர்கள். ஒரே ஆளிடம் இரண்டும் இருக்கும். அதனால்தான் 1994-இல் சிங்கெலிஸ் என்ற ஆய்வாளர் இவற்றை அளக்கத் தான் உருவாக்கிய கேள்வித்தாளில் (அளவுகோலில்) ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 12 வரிகள் வைத்தார்.

சராசரிகளை நேராக ஒப்பிடுவது

மிகப் பெரிய இழப்பு இதில்தான். இத்தனை வருடம் கழித்தும் இதைப் பார்க்கும்போது ஆத்திரம் வருகிறது.

நடப்பது இதுதான். அந்த 24 வரிகளைத் தமிழாக்கி, மதுரையில் 200 பேரிடம் 1 முதல் 7 வரை மதிப்பெண் போடச் சொல்வார்கள். அமெரிக்கச் சராசரியை ஏதோ ஒரு கட்டுரையிலிருந்து எடுப்பார்கள். இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை போட்டு, “நம்மவர்களும் தனிமனிதவாதிகளாக மாறிவிட்டார்கள்” என்று எழுதிவிடுவார்கள்.

“என் குழுவில் இணக்கம் காப்பது எனக்கு முக்கியம்” என்ற வரிக்கு 5-ஆ, 6-ஆ என்று பேனாவை வைத்துக்கொண்டு யோசிக்கும் பெண்ணைப் பாருங்கள். அவர் மனதில் ஓடுவது அக்காவும் ஓரகத்தியும். ‘அவங்க அளவுக்கு நான் விட்டுக்கொடுக்கிறதில்லை’ என்று 4 போடுகிறார். அமெரிக்காவின் ஓஹையோவில் இருப்பவர் தன் ஊர்க்காரர்களோடு ஒப்பிட்டு 5 போடுகிறார். “இன்று வெயில் எவ்வளவு?” என்று வேலூரிலும் ஊட்டியிலும் 7-க்கு மதிப்பெண் கேட்டு, ஊட்டிதான் சூடு என்று முடிவு கட்டுவதைப் போன்றது இது.

ஸ்டீவன் ஹைனும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஜப்பான், வட அமெரிக்கா இரண்டையும் நன்கு அறிந்தவர்களிடம், யாரோடு ஒப்பிட வேண்டும் என்பதைக் கேள்வியிலேயே குறிப்பிட்டபோது பண்பாட்டு வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. குறிப்பிடாமல் கேட்டபோது மங்கிப்போனது. அதே ஆண்டு டாஃப்னா ஓய்ஸர்மன் குழு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஜப்பானியரும் கொரியரும் அமெரிக்கரைவிடக் கூடுதலான கூட்டுணர்வு உள்ளவர்களாகத் தெரியவில்லை. உண்மையிலேயே வேறுபாடு இல்லையா, அளவுகோல் ஏமாற்றுகிறதா என்பதைச் சராசரியை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியாது.

தரவு சேர்த்து முடித்த பிறகு இதற்கு மருந்து இல்லை. எந்த மென்பொருளும் காப்பாற்றாது. எனவே கேள்வித்தாள் அச்சாகும் முன்பே செய்ய வேண்டியவை: ‘முக்கியம்’, ‘பிடிக்கும்’ என்பவற்றை எடுத்துவிட்டு எண்ணக்கூடியதைக் கேளுங்கள். “கடந்த 30 நாளில் வீட்டில் யாரையும் கேட்காமல் நீங்களே முடிவு செய்து எத்தனை முறை 1,000 ரூபாய்க்கு மேல் செலவழித்தீர்கள்?” என்பது நல்ல கேள்வி. அதுவும் வருமானத்தைப் பொறுத்தது. வருமானத்தையும் சேர்த்துக் கேளுங்கள். ஒப்பீட்டை ஒரே ஊருக்குள் வையுங்கள்: கூட்டுக்குடும்பம், தனிக்குடும்பம். முன்னோட்டமாக 30 பேரிடம் கொடுத்து, எல்லோரும் ஒரே எண்ணைப் போடும் வரிகளைக் களையுங்கள். பேராசிரியருக்குப் பேருந்தில் இடம் கொடுப்பேன் என்ற வரி சிங்கெலிஸ் அளவுகோலில் உண்டு. நம் ஊரில் அத்தனை பேரும் 7 போட்டால் அது எதையும் அளக்கவில்லை.

‘நான் யார்?’ தாளை வெறுமனே நீட்டுவது

கூன், மெக்பார்ட்லேண்ட் 1954-இல் உருவாக்கிய 20 வரிச் சோதனை பார்க்க எளிது: ‘நான் யார்?’ என்ற கேள்விக்கு 20 விடை எழுதச் சொல்வது. ஆனால் 1989-இல் ஸ்டீவன் கஸின்ஸ் கண்டது முக்கியம். சூழல் சொல்லாமல் கேட்டபோது அமெரிக்க மாணவர்கள்தான் அதிகமாகக் குணங்களை எழுதினார்கள். ‘வீட்டில்’, ‘நண்பர்களோடு’ என்று சூழலைச் சொன்னதும் ஜப்பானிய மாணவர்கள் அவர்களை முந்தினார்கள். இரண்டு வடிவத்தையும் கொடுங்கள்.

சுயம் என்ற இடத்தில் ‘ஆன்மா’ போடுவது

வேண்டாம். மேலே பார்த்தபடி, மரபுக்கு மரபு பொருள் மாறும் சொல் அது.

‘நாம்’, ‘நாங்கள்’ குழப்பம்

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் ‘நாம்’ என்றால் கேள்வி கேட்பவரும் உள்ளே வந்துவிடுவார். தமிழாக்கத்தை மீண்டும் ஆங்கிலமாக்கிச் சரிபார்க்கும் மறுமொழிபெயர்ப்பில் இந்தப் பிழை தெரியவே தெரியாது, இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்லாகத்தான் திரும்பி வரும். வரி வரியாகக் கண்ணால் பாருங்கள்.

விடைகளை ஒருவரே வகைப்படுத்துவது

“நான் வீட்டுக்கு மூத்தவள்.” இது வயதா, உறவா, பொறுப்பா? இருவர் தனித்தனியாக வகைப்படுத்துங்கள். முரண்பட்டால், எழுதியவரிடமே போய், “மூத்தவள்னா உங்களுக்கு என்னங்க அர்த்தம்?” என்று கேளுங்கள்.