இளமையில் இறந்த ஒரு மார்மன் குடியேறியைத் தேடி எழுதுவது எப்படி

யூட்டாவுக்குக் குடிவந்த தமிழர்களுக்கு ஜூலை 24 புதிய விடுமுறை நாள். 1847-ல் மார்மன் என்ற கிறிஸ்தவ சபையின் தலைவர் பிரிகம் யங் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் நுழைந்த தேதி அது. அந்த நாளையொட்டி இங்கே ஒரு கதையை அடிக்கடி கேட்கலாம். 1856 நவம்பர் 4, பனிக்கட்டி மிதக்கும் ஸ்வீட்வாட்டர் ஆறு. பதினெட்டு வயதுப் பையன்கள் மூன்று பேர் சாமானைக் கைவண்டியில் இழுத்துக்கொண்டு நடந்து வந்த மார்மன் குடியேறிகளான மார்ட்டின் கைவண்டிக் கூட்டம் முழுவதையும் தோளில் சுமந்து அக்கரை சேர்த்தார்கள். அந்தக் குளிரே அவர்களைப் பிடித்துக்கொள்ள, மூவரும் அதனாலேயே பின்னாளில் இறந்துபோனார்கள்.

தாலுகா அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவேடுகளோடு வேலை பார்த்தவள் நான். ஓய்வுக்குப் பிறகு மகள் வீட்டோடு சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறேன். மார்மன்களின் கோவில் சதுக்கத்துக்கு எதிரே உள்ள ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்று நூலகத்தில் எந்த மதத்தவரும் காசில்லாமல் உட்கார்ந்து தேடலாம். தங்கள் கொள்ளுத் தாத்தாவைப் பற்றி எழுத வரும் அக்கம்பக்கத்தாருக்கு அங்கே உதவுகிறேன். அவர்களில் பலர் தேடுவது சின்ன வயதில் செத்துப்போன ஒருவரை. அப்படிப்பட்ட வாழ்க்கைக்குக் காகிதம் குறைவு. இடைவெளியைக் கதை வந்து நிரப்பிவிடும். அதனால்தான் என் முறையை அந்த ஆற்றுக் கதையை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு தாளில் பிறந்த தேதி, இறந்த தேதி இரண்டை மட்டும் எழுதுங்கள். வேறெதையும் படிக்க வேண்டாம். ஆற்றுக் கதையின் மூவரில் டேவிட் பாட்டன் கிம்பல் பிறந்தது 1839 ஆகஸ்ட் 23, இறந்தது 1883 நவம்பர் 22. ஆற்றில் இறங்கியபோது வயது 17, இறந்தபோது 44. ஜார்ஜ் கிராண்ட் ஆற்றில் இறங்கியபோது 16 வயதுப் பிள்ளை. 1872-ல் 32 வயதில் போய்ச் சேர்ந்தார். ஆலன் ஹண்டிங்டனுக்கு அன்று 25 வயது, அவர் 1896 வரை இருந்தார். இந்த ஆறு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே கதை ஆட்டம் காண்கிறது. ஒருவர்கூடப் பதினெட்டு இல்லை. ஆற்றுக்குப் பிறகு மிகக் குறைவாக வாழ்ந்தவருக்கே ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் கிடைத்திருக்கின்றன.

அடுத்து, இந்தக் கதையை யார், எப்போது எழுதினார்கள் என்று பாருங்கள். மூவரும் குளிரால் இறந்ததாகச் சொல்லும் வடிவம் பரவியது 1914-ல் ஒரு சபை இதழில் வந்த கட்டுரையிலிருந்து. சம்பவம் நடந்து 58 ஆண்டுகளுக்குப் பின்! அதே கூட்டத்தில் நடந்து வந்த ஜான் ஜாக்ஸ் 1870-களின் இறுதியில் எழுதியபோது நாலு பெயர் சொல்கிறார். நாலாமவர் ஸ்டீபன் டெய்லர். ஆற்றைத் தாங்களே நடந்து கடந்தவர்களும் உண்டு. அதற்காகக் கதை முழுப் பொய் என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். அன்று அங்கே இருந்த பேஷன்ஸ் லோடர் என்ற பெண்ணின் நினைவுக் குறிப்பில், கிம்பல் தண்ணீரிலேயே வெகுநேரம் நின்றதால் அவரையே முகாமுக்குத் தூக்கிப்போக வேண்டியிருந்தது என்று வருகிறது. இது கூடவே இருந்தவரின் சாட்சி. பெருக்கிச் சொன்னதை விலக்கினால், பதினேழு வயதுப் பையன் விறைத்துப்போகும்வரை முன்பின் தெரியாதவர்களைச் சுமந்தான் என்பது அப்படியே மிஞ்சுகிறது. எனக்கு அதுவே போதுமானதைவிட அதிகம்.

பயணத்தைத் தேட, சபையின் இணையதளத்தில் முன்னோடிகள் தரவுத்தளம் இருக்கிறது. 1847 முதல் 1868 வரை சமவெளியைக் கடந்து வந்தவர்களின் பெயர், வயது, எந்தக் கூட்டத்தோடு வந்தார்கள் என்பதெல்லாம் கிடைக்கும். உங்கள் ஆளின் பக்கத்தோடு நிறுத்தாமல் கூட்டத்தின் பக்கத்தைத் திறந்து, கூட வந்தவர்களின் நாட்குறிப்புகளைத் தேதி வாரியாகப் படியுங்கள். மார்ட்டின் கூட்டம் அயோவா சிட்டியை விட்டுக் கிளம்பியதே ஜூலைக் கடைசியில்தான். ஒரு ஆளுக்கு 17 பவுண்டு சாமான்தான் அனுமதி. அவர்கள் இன்னும் வழியிலேயே இருக்கும் செய்தி தெரிந்ததும் பிரிகம் யங் அக்டோபர் 5 கூட்டத்தில் ஆட்களையும் மாவையும் கேட்டார். 7-ஆம் தேதியே மீட்பு வண்டிகள் புறப்பட்டுவிட்டன. அவற்றோடு போன பையன்களில் ஒருவர்தான் கிம்பல். மிஞ்சியவர்கள் நவம்பர் 30-ல் சால்ட் லேக் வந்து சேர்ந்தார்கள்.

இனிக் குடும்பம். இங்கேதான் ஆட்கள் தடுமாறுகிறார்கள், இங்கேதான் நிறையக் கிடைக்கும். மார்மன் சபை பலதார மணத்தை 1852-ல் வெளிப்படையாக அறிவித்து 1890-ல் கைவிட்டது. அந்தக் காலத்துக் குடும்பத்தைத் தகப்பன் பெயரை வைத்துத் தேடினால் திசை தப்பும். டேவிட்டின் தந்தை ஹீபர் கிம்பலுக்கு மனைவிகள் 43 பேர், பிள்ளைகள் அறுபதுக்கு மேல். ஆகவே தாய் பெயரிலிருந்து தொடங்குங்கள். டேவிட்டின் தாய் விலேட், முதல் மனைவி. ஒவ்வொரு தாய்க்கும் தனித்தாள் போட்டுப் பிள்ளைகளை எழுதினால் யார் யாருக்கு உடன்பிறப்பு என்பது தெளிந்துவிடும்.

டேவிட் 1857-ல் கரோலின் வில்லியம்ஸைக் கல்யாணம் செய்துகொண்டார். ஆற்றில் விறைத்து ஓராண்டுகூட ஆகாத பிள்ளை மணமகனாக நிற்கிறான். கதை சொல்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை. நீங்கள் எழுதும்போது இதற்கு இடம் கொடுங்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு சூட்சுமம் உண்டு. 1870 வரை வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு என்று கேட்கவே இல்லை. ஒரே வீட்டில் இருக்கும் பெண் மனைவியா, தங்கையா, வேலைக்காரியா என்று தெரியாது. 1880-ல்தான் உறவுக்கட்டம் வந்தது. அடுத்த 1890 கணக்கெடுப்பின் ஏடுகள் 1921-ல் வாஷிங்டனில் பிடித்த தீக்குப் பின் பெரும்பாலும் இல்லாமல் போயின. 1880-களில் புருஷனை இழந்தவளின் வாழ்க்கையில் இருபது வருஷம் இருட்டு. ஆனால் 1900-ஐ விடாதீர்கள். எத்தனை பிள்ளை பெற்றாய், எத்தனை உயிரோடு இருக்கிறது என்று அந்த ஏட்டில் பெண்களிடம் கேட்டிருக்கிறார்கள். இரண்டு எண்ணுக்கும் இடையிலான வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு கல்லறைகளைத் தேடுங்கள். சீக்கிரம் இறந்தவனைப் பற்றிய தகவல் அவன் விதவையின் காகிதங்களில்தான் மிச்சமிருக்கும்.

குழந்தைகளுக்குச் சபைப் பதிவேடு நல்ல துணை. மார்மன்களிடம் பிறந்த சில மாதத்தில் பெயர் சூட்டி ஆசீர்வதிப்பார்கள், எட்டு வயதில் ஞானஸ்நானம். முதல் பதிவு இருந்து இரண்டாவது இல்லையென்றால், ஒன்று குடும்பம் ஊர் மாறியிருக்கும், இல்லையென்றால் குழந்தை போயிருக்கும்.

நிலப்பத்திரம் கிடைக்கவில்லை என்று ஏழை என முடிவு கட்டாதீர்கள். சால்ட் லேக்கில் அரசாங்க நில அலுவலகம் திறந்ததே 1869-ல்தான். அதற்குமுன் சபை பிரித்துக் கொடுத்த மனைக்குச் சட்டப்படியான பட்டா கிடையாது.

இறந்த ஊரையும் படியுங்கள். கிம்பல் இறந்தது அரிசோனாவில் சான் பெட்ரோ ஆற்றங்கரையில். 1877-ல் மார்மன்கள் குடியேறிய அந்த ஊர் இன்று செயின்ட் டேவிட்.  ஆரம்பத்தில் சுற்றிலும் சதுப்பு, மலேரியா குடும்பம் குடும்பமாகப் படுக்க வைத்தது. 1887 மே 3-ல் வந்த நிலநடுக்கத்தில் ஊற்றுகள் திறந்துகொண்டன. அதன்பின் தோண்டிய கிணறுகளில் தண்ணீர் தானாகவே பொங்கியது. அவர் இறந்து மூன்றரை ஆண்டு கழித்து வந்த வளம் அது. கிம்பலின் முடிவைப் பற்றி எழுதுகிறவர் இந்த மண்ணைத் தெரிந்துகொள்ளாமல் இருபத்தேழு வருஷம் பின்னால் போய் ஆற்றைக் காரணம் காட்டுவது எனக்கு மனசு ஒப்பவில்லை.

எழுத உட்காரும்போது மரணத்தில் தொடங்காதீர்கள். இளமையில் இறந்தவரை எழுதுகிறவர்கள் முதல் வரியிலேயே சாகடித்துவிடுகிறார்கள்; பிறகு அவர் சிரித்தது, கடன் வாங்கியது, வீடு கட்டியது எல்லாமே சாவின் நிழலில் விழுகிறது. அவருக்கு முடிவு தெரியாது. ஒவ்வொரு ஆண்டையும் அந்த ஆண்டில் நின்று எழுதுங்கள். 1839-ல் பிறந்த குழந்தைக்கு ஏன் டேவிட் பாட்டன் என்று பெயர்? முந்தைய ஆண்டு மிசௌரியில் நடந்த சண்டையில் இறந்த அப்போஸ்தலர் டேவிட் பாட்டனின் நினைவாக. 1848-ல் ஒன்பதாவது வயதை எட்டும் பையன் தகப்பனோடு சமவெளியைக் கடக்கிறான். இப்படியே முன்னோக்கி நடந்து வாருங்கள்.

முடித்ததும் ஒவ்வொரு தேதிக்கும் எதிரே எந்த ஏட்டில் பார்த்தீர்கள் என்று குறியுங்கள். குடும்பத்தார் வாய்வழியாகச் சொன்னதை அப்படியே 'பாட்டி சொன்னது' என்று எழுதி, ஏட்டில் உள்ளதோடு கலக்காமல் வையுங்கள். உயிரோடு இருப்பவர்களின் விவரத்தை நீக்கிவிட்டு, ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் அந்த மனிதரின் பக்கத்தில் நினைவுகள் பகுதியில் ஏற்றுங்கள். அவர் பெயரிலும், மறக்காமல் அவர் மனைவியின் பெயரிலும்.