மசோதா சட்டமாகும் 12 படிகள்: விரல் கணுவில் எண்ணிப் பழகுங்கள்

இந்திய நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா சட்டமாகும் வழியை வெறும் பட்டியலாக உருப்போட்டால், தேர்வு நேரத்தில் நடுவில் ஒரு படி நழுவிவிடும். விரல் கணுக்களில் ஏற்றிக்கொள்ளுங்கள். கட்டைவிரல் தொட்டு எண்ணுவதற்கு. மற்ற நான்கு விரல்களிலும் மும்மூன்று கணு.

ஆள்காட்டி விரல், மசோதா முதலில் வரும் அவை. அடிக்கணு முதல் வாசிப்பு, அதாவது அறிமுகம். நடுக்கணு இரண்டாம் வாசிப்பு. வேலையெல்லாம் இங்கேதான்: பொது விவாதம், தேவைப்பட்டால் தேர்வுக் குழு அல்லது இரு அவைகளின் கூட்டுக் குழு, பிறகு பிரிவு பிரிவாக வாக்கெடுப்பு. நுனிக்கணு மூன்றாம் வாசிப்பு. மசோதாவை மொத்தமாக ஏற்பதா, தள்ளுவதா என்பது மட்டுமே அப்போது கேள்வி. குழு ஆய்வைக் கொண்டுபோய் இங்கே எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை.

நடுவிரல், அடுத்த அவை. அதே மூன்று வாசிப்பு. அந்த அவை மசோதாவை நிராகரித்தாலோ, திருத்தங்களில் இரு அவைகளும் ஒத்துப்போகாவிட்டாலோ, 6 மாதத்துக்கு மேல் நிறைவேற்றாமல் வைத்திருந்தாலோ, சட்டப்பிரிவு 108இன்படி கூட்டுக் கூட்டம் கூட்டலாம். அழைப்பவர் குடியரசுத் தலைவர். தலைமை வகிப்பவர் மக்களவைத் தலைவர். இந்த இரண்டையும் மாற்றி எழுதிவிடாதீர்கள். இந்த வழியில் நிறைவேறியவை 1961, 1978, 2002 ஆகிய ஆண்டுகளின் மூன்று மசோதாக்கள்தான்.

மோதிர விரல், குடியரசுத் தலைவர். சட்டப்பிரிவு 111 தரும் மூன்று வழிகள்: ஒப்புதல் தருவது, மறுப்பது, திருப்பி அனுப்புவது. திருப்பி அனுப்பியதை இரு அவைகளும் திருத்தத்துடனோ இல்லாமலோ மீண்டும் நிறைவேற்றினால் ஒப்புதல் தந்தே ஆகவேண்டும். நடுவிரலின் 6 மாதக் கெடுவை இங்கே ஒட்டவைக்கக் கூடாது. அவருக்கு அரசியலமைப்பில் கெடுவே குறிக்கப்படவில்லை. 1986இல் அஞ்சல் திருத்த மசோதாவை ஜெயில் சிங் முடிவெடுக்காமலே வைத்திருக்க முடிந்ததும் அதனால்தான்.

சுண்டுவிரலைத்தான் பலரும் மறக்கிறார்கள்: அரசிதழில் வெளியீடு, நடைமுறைக்கு வரும் நாள், விதிகள். ஒப்புதல் கிடைத்த நாளும் நடைமுறைக்கு வரும் நாளும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. 1961இல் கூட்டுக் கூட்டத்தில் நிறைவேறிய வரதட்சணைத் தடைச் சட்டம் மே 20 அன்று ஒப்புதல் பெற்று, ஜூலை 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. நாள் எதுவும் குறிக்காவிட்டால் ஒப்புதல் நாளே கணக்கு.

இது பழகியதும் விதிவிலக்குகளுக்கு விரலை மடக்குங்கள். பண மசோதா மக்களவையில் மட்டுமே தொடங்கும். நடுவிரலுக்கு 14 நாள்தான், மோதிர விரலில் 'திருப்பி அனுப்பும்' கணு இல்லை. அரசியலமைப்புத் திருத்தத்துக்குக் கூட்டுக் கூட்டம் கிடையாது. 1971இன் 24ஆவது திருத்தத்துக்குப் பின் மோதிர விரலில் ஒப்புதல் கணு மட்டுமே மிஞ்சும்.

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கு நடுவிரலையே மடக்கிவிடலாம். மேலவை 1986இல் கலைக்கப்பட்டது. ஆனால் மோதிர விரலில் இன்னொரு வழி சேரும்: சட்டப்பிரிவு 200இன்படி ஆளுநர் மசோதாவைக் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கிவைக்கலாம்.