குடியை விட்ட முதல் வருடம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டாஸ்மாக் இருக்கும் தெருவில் போகாதே, பழைய கூட்டாளிகளைச் சேர்க்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். நான் குடியை விட்டுப் பதினோரு வருடம் ஆகிறது. கிருஷ்ணகிரியில் எங்கள் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு) கூட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் நான் விழுந்த அதே குழிகளில் விழும்போது சும்மா இருக்க முடிவதில்லை.

தன்னையே சோதித்துப் பார்ப்பது

விட்டு ஏழு மாதம். கை நடுக்கம் போய், நன்றாகத் தூங்கினேன். இப்போது கன்ட்ரோல் நம் கையில்தான் என்று தோன்றியது. அதை நிரூபிக்க, மாங்காய் லோடு ஏற்றிய ஒரு சாயங்காலம் ஒரே ஒரு கட்டிங் போட்டேன். நிறுத்தியும் விட்டேன். வினையே அங்கேதான். அன்றைக்கே விழுந்து கிடந்திருந்தால் பயந்திருப்பேன். ஜெயித்துவிட்டேனே! மூன்றாம் நாள் இன்னொரு கட்டிங், அடுத்த வாரம் குவாட்டர், அப்புறம் கணக்கில்லை. தோப்புக் குத்தகைக்கு வைத்திருந்த 40,000 ரூபாய் கரைந்து, தோப்பு வேறு ஆளுக்குப் போனது. பஸ் அந்தப் பக்கம் போனால் இன்றும் எதிர் ஜன்னலைப் பார்த்துக்கொள்வேன்.

போன மாதம் ஓசூரில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் ஒரு தம்பி, “அண்ணா, ஒரே பீரோட நிறுத்திட்டேன்” என்று சிரித்துக்கொண்டே வந்தான். எரிச்சலாக வந்தது. “முதல் கிளாஸைத் தொடாம இருக்கிறதுதான்டா உன் கையில இருக்கு. ‘போதும்’னு சொல்ல வேண்டிய மூளையைத்தான் சரக்கு முதல்ல மழுங்கடிக்குது” என்றேன். கோபித்துக்கொண்டு இரண்டு வாரம் வரவில்லை.

மாலை கழற்றும் நாள்

குடித்த காலத்தில், கார்த்திகையில் மாலை போட்டால் 48 நாள் ஒரு சொட்டு தொடமாட்டேன். கழற்றிய ராத்திரியே பாட்டில். கட்டுப்பாடு தனக்குள் இருக்கிறதா, வெளியிலா என்று ஒருவர் நம்புவதை அளக்க ஜூலியன் ராட்டர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1966-ல் ஒரு கேள்வித்தாள் வெளியிட்டார். என்னுடையது கழுத்தில் தொங்கியது. மாலை போடுங்கள், தப்பில்லை. கழற்றும் அன்று சாயங்காலம் எங்கே இருப்பீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்.

“நம்ம கையில் எதுவும் இல்லை”

1935-ல் தொடங்கிய ஏஏ-யின் முதல் படி, மதுவின் முன் நாம் சக்தியற்றவர்கள், வாழ்க்கை கைமீறிப் போனது என்று ஒப்புக்கொள்ளச் சொல்கிறது. கைமீறிப் போனது, சரி. அப்படியே கிடக்கட்டும் என்று அதில் இல்லை. கூட்டத்துக்குப் பஸ் ஏறுவது நம் வேலை.

சாம்பாரில் மாத்திரை கலப்பது

குடியை நிறுத்த வைக்கும் மாத்திரையை, குடிக்கிறவருக்குத் தெரியாமல் வீட்டார் சாப்பாட்டில் கலப்பது வேண்டவே வேண்டாம். மாத்திரை உள்ளே போனது தெரியாமல் அவர் சரக்கு குடித்தால் உயிருக்கே ஆபத்து.

“நானே நிறுத்திக்கிறேன்”

தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், அதன்பின் பிதற்றல். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முதலில் அங்கே போங்கள்.