கழற்றி விட்டால் திரும்பி வராத கன்னி: வேட்டை நாய்ப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிப்பிப்பாறை, கன்னி வகைக் குட்டிகளை வாங்கி வளர்ப்பவர்கள் ஓராண்டு முடிவதற்குள் ஏறத்தாழ ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். வீட்டுக்குள் பெயரைச் சொன்னவுடன் வந்து காலடியில் படுக்கும் நாய், வெட்டவெளியில் கயிற்றைக் கழற்றியதும் யாரென்றே தெரியாதது போல் ஓடிவிடுகிறது என்பதே அந்தக் குறை. 2020 ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் தம் ‘மனதின் குரல்’ வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட பிறகு, நாட்டு நாய் வளர்த்து முன்பழக்கம் இல்லாத நகரத்து வீடுகளிலும் இவற்றின் மீது ஆர்வம் கூடியிருக்கிறது. அதனுடன் ‘சொன்ன பேச்சைக் கேட்காத நாய்’ என்ற பழியும் இவற்றின் மேல் ஏறியிருக்கிறது.

அந்தப் பழி நியாயமற்றது என்பதே என் கருத்து. கன்னியும் சிப்பிப்பாறையும் மோப்பத்தை விடக் கண்ணை நம்பி வேட்டையாடும் நாய்கள். இவற்றைப் போல் நீண்ட முகமுடைய நாய்களின் விழித்திரையில் பார்வை நரம்பணுக்கள் கிடைமட்டமாக ஒரு பட்டை போலச் செறிந்திருப்பதால், தொடுவானத்தை ஒட்டி எங்கோ அசையும் சிறு பொருள்கூட அவற்றின் கண்ணுக்குத் தப்புவதில்லை. முயல் எழுந்து ஓடும் நொடியில் எசமானின் முகத்தைத் திரும்பிப் பார்த்து உத்தரவுக்குக் காத்திருக்கும் நாய் எந்த வேட்டைக்காரனுக்கும் பயன்பட்டிருக்காது. ஆகவே தானாக முடிவெடுத்துத் துரத்தும் குட்டிகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். நாம் விரும்பி உருவாக்கிய குணத்தையே பிறகு கீழ்ப்படியாமை என்று பெயரிட்டுத் தண்டிப்பதுதான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் வேராக இருக்கிறது.

அந்த வேரிலிருந்து முளைக்கும் முதல் தவறு, நாய் ஓடத் தொடங்கிய பிறகு கூப்பிடுவது. முழு வேகத்தில் இந்த நாய்கள் நொடிக்குப் பத்து மீட்டருக்கு மேல் கடக்கும். அந்த நிலையில் அதன் கவனம் முழுவதும் முன்னால் ஓடும் பொருளில் இருப்பதால் நம் குரல் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் ஓட்டத்துக்கு முன் ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. காதுகளின் அடிப்பகுதி உயரும், கழுத்து விறைக்கும், உடல் அசைவற்று நிற்கும், மூச்சிரைப்பு நின்று வாய் மூடிக்கொள்ளும். கூப்பிட வேண்டிய தருணம் அதுதான். வாரக்கணக்கில், முதலில் வீட்டு முற்றத்திலும் பிறகு தெருவிலும், நாய் எதையோ உற்றுப் பார்க்கத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் பெயரைச் சொல்லி, தலையைத் திருப்பிய நொடியிலேயே கையில் உள்ள அவித்த கோழித் துண்டைக் கொடுத்துப் பழக்கினால், அந்தத் திரும்புதல் மெல்ல அனிச்சைச் செயலாக மாறும். பாராட்டும் தின்பண்டமும் ஓரிரு நொடிக்குள் போய்ச் சேர வேண்டும்; பத்து நொடி கழித்துக் கொடுத்தால், இடையில் அது மண்ணைப் பிறாண்டியதற்கான பரிசாகவே அதை எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது தவறு மிகவும் பரவலானது, நானும் செய்திருக்கிறேன். அரைமணி நேரம் அலைய வைத்துவிட்டு ஒருவழியாக வந்து நிற்கும் நாயைப் பிடித்து அடிப்பதும், வந்ததும் நேரே சங்கிலியில் பூட்டிக் கட்டிப்போடுவதும் அது. நாய் தான் ஓடியதற்கும் இந்த அடிக்கும் முடிச்சுப் போடுவதில்லை. கடைசியாகச் செய்தது திரும்பி வந்ததுதான் என்பதால், வருவதற்குத்தான் அடி என்று புரிந்துகொள்கிறது. ‘வா’ என்ற சொல் குளியல், மருந்து, சங்கிலி ஆகியவற்றின் முன்னறிவிப்பாக ஆகிவிட்டால் அந்தச் சொல்லைக் காப்பாற்ற முடியாது. வேறொரு சொல்லையோ விசில் ஒலியையோ வைத்து முதலிலிருந்து தொடங்குவதே குறைந்த வேலை. பத்து முறை கூப்பிட்டால் எட்டு முறையாவது வந்ததும் தடவிக் கொடுத்து, மீண்டும் ஓட விட வேண்டும். ஓட்டத்தையே உயிராக நினைக்கும் இந்த நாய்களுக்குத் தின்பண்டத்தை விடப் பெரிய பரிசு, திரும்ப ஓடக் கிடைக்கும் அனுமதிதான்.

வீட்டில் ஒருவர் ‘வா’ என்றும், இன்னொருவர் ‘கம்’ என்றும், பிள்ளைகள் ‘இங்க வாடா’ என்றும் கூப்பிட்டால் நாய்க்கு அவை மூன்று வெவ்வேறு ஒலிகள். சொல்லை ஐந்து முறை அடுக்குவதும் அப்படித்தான்; ஐந்தாவது முறைக்குத்தான் எழ வேண்டும் என்று நாமே கற்றுக்கொடுக்கிறோம்.

கயிற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த நாய்களின் தலை குறுகலாகவும் கழுத்து நீளமாகவும் இருப்பதால், சாதாரணக் கழுத்துப் பட்டையிலிருந்து பின்வாங்கித் தலையை உருவிக்கொள்வது அவற்றுக்கு எளிது. அதற்கு அஞ்சிப் பட்டையை மேலும் இறுக்குகிறார்கள். அல்லது இழுத்தால் நெரிக்கும் சங்கிலியை வாங்குகிறார்கள். திறந்தவெளிப் பயிற்சிக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் நீளமுள்ள கயிறு நல்ல கருவிதான். ஆனால் அதைக் கழுத்தில் கட்டினால், வேகம் எடுத்த நாய் கயிற்றின் முனையில் சுண்டி நிற்கும்போது கழுத்தெலும்பும் மூச்சுக்குழலும் அடிபடும். மார்பைச் சுற்றி அணியும் வாரில்தான் நீளக்கயிற்றை இணைக்க வேண்டும். அதைக் கையில் சுற்றிப் பிடிக்கவும் கூடாது.

அடித்து வளர்த்தால்தான் வேட்டை நாய்க்கு ரோஷம் வரும் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. மெல்லிய தோலும் கொழுப்பற்ற உடலும் கொண்ட இவை வலியையும் அதட்டலையும் எளிதில் மறப்பதில்லை. அடிபட்ட நாய் எதிர்த்து நிற்பதைக் காட்டிலும், வாலை இடுக்கிக்கொண்டு எதையும் முயலாமல் ஒதுங்கிப் போவதே அதிகம். அந்த ஒதுக்கத்தைப் பணிவு என்று எண்ணி ஏமாறுகிறோம். பகல் முழுவதும் கட்டிவைத்துவிட்டு மாலையில் அவிழ்த்தவுடன் பாடம் நடத்த முயல்வதும் வீண். முதலில் வேலியுள்ள இடத்தில் ஓடித் தீர்க்கட்டும்.

ராஜபாளையம் வளர்ப்பவர்கள் பயிற்சிக்கு முன்பே ஒன்றைச் சோதித்தாக வேண்டும். அந்த இனத்தின் பால்வெள்ளை நிறத்தோடு சேர்ந்து பிறவிச் செவிடும் சில குட்டிகளில் வருகிறது. உட்செவியில் நிறமி அணுக்கள் இல்லாமற்போவதே அதற்குக் காரணம். குட்டி உறங்கும்போது, காற்றோ தரை அதிர்வோ அதன் மேல் படாத தொலைவில் பின்புறமாக நின்று கைதட்டிப் பாருங்கள். ஐயம் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காது கேளாத நாயைத் திமிர் பிடித்தது என்று அடித்தவர்களை எனக்குத் தெரியும். கைச்சைகைகளைக் கொண்டு அத்தகைய நாய்க்கும் எல்லாப் பாடங்களையும் கற்பிக்கலாம்.

பயிற்சி என்ற பெயரில் உயிருள்ள முயலை விட்டுத் துரத்த வைப்பது தவறு என்பதோடு குற்றமும்கூட. 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதை வரையறுக்கும்போது, நாயை ஏவித் துரத்துவதையும் அதற்கான முயற்சியையும் சேர்த்தே சொல்கிறது. காட்டுமுயல் அச்சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள விலங்கு. நீளக் கயிற்றின் முனையில் துணியைக் கட்டி, தரையோடு வளைத்து வளைத்து இழுத்தால் துரத்தும் ஆசை தீரும். நடுவில் நிறுத்தவும் திரும்பவும் கற்றுக்கொடுக்கலாம். சிவப்புத் துணி வேண்டாம். நாயின் கண்ணுக்குப் பச்சைப் புல்லில் சிவப்பு எடுபடாது, நீலமோ மஞ்சளோ நன்றாகத் தெரியும்.

தென்மாவட்ட வெயிலில் காலை ஏழரைக்கு மேல் ஓட்டப் பயிற்சி கூடாது. வயிறு நிறையத் தீனி வைத்தவுடன் ஓட விடுவதையும் தவிர்க்க வேண்டும். மார்புக்கூடு ஆழமான நாய்களுக்கு இரைப்பை ஊதி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து மற்றவற்றை விட அதிகம், சில மணி நேரத்தில் உயிரையே பறித்துவிடும். பாடம் ஐந்து நிமிடம் போதும், ஒரு நாளைக்கு மூன்று முறை.

இவ்வளவையும் சரியாகச் செய்த பிறகும், நெடுஞ்சாலைக்கு அருகிலுள்ள வேலியில்லாத நிலத்தில் இந்த நாய்களை நான் கழற்றி விடுவதில்லை. நூறு முறை திரும்பி வந்த நாய் நூற்றோராவது முறை சாலையைக் கடக்கும் பூனையைப் பார்க்கலாம். அங்கே நீளக்கயிறு அதன் வாழ்நாள் முழுவதும் என் கையில்தான் இருக்கும்.